பதினொன்றரை மணிக்குப் போய்ப் பாருங்கள்

கேள்வி: எங்கள் மகளுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று ஆறு மாதத்துக்கு முன்பு சொன்னார்கள். இன்னும் பேச்சு வரவில்லை. வேண்டியதைப் படத்தைக் காட்டித்தான் கேட்பாள். மனைவியும் நானும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் பகல்நேரக் காப்பகம் தேடுகிறோம். இதுவரை இரண்டு இடம் பார்த்தோம். ஒன்றில் தெரபி அறை, பயிற்சி பெற்றவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். அவளுக்கென்று தனியாக ஓர் ஆளும் போடுவார்களாம். இன்னொன்று சாதாரண இடம். ஆட்டிசம் உள்ள குழந்தை இதுவரை வந்ததில்லை என்றார்கள். ஆனால் அங்கிருந்த ஆசிரியை தரையில் உட்கார்ந்து மகளோடு அரைமணி நேரம் இருந்தார். ‘எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துக்கொள்வோம்’ என்று இரண்டு இடத்திலும் சொல்கிறார்கள். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

என் மகனுக்கு செரிப்ரல் பால்சி, அதாவது மூளைப் பாதிப்பால் கை கால் அசைவு கட்டுப்படாத நிலை. இப்போது வளர்ந்து ஆளாகிவிட்டான். அவனுக்காக நான்கு காப்பகங்கள் ஏறி இறங்கினேன், ஒன்றிலிருந்து பாதியில் எடுத்தேன். அந்த அலைச்சல்தான் என்னைச் சிறப்புக் கல்வி படிக்க வைத்தது. இன்று மற்ற பெற்றோர்களோடு காப்பகம் பார்க்கப் போவது என் வேலையில் பாதி. ஆகவே கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்ட அந்தச் சொல்லிலிருந்தே தொடங்கலாம். ‘சேர்த்துக்கொள்வோம்’ என்று சொல்லாத காப்பகத்தை நான் பார்த்ததே இல்லை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006இல் நிறைவேறியது. அதன் 24ஆம் பிரிவு கல்வியைப் பற்றியது. அந்தப் பிரிவுக்கு 2016இல் உடன்படிக்கையின் குழு ஒரு விளக்கம் எழுதியது. அதில் நான்கு நிலைகளைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்கிறார்கள். குழந்தைக்குக் கதவையே திறக்காமலிருப்பது ஒன்று. வேறோர் இடத்தில் தனியாக வைத்துப் பார்ப்பது இன்னொன்று. இருக்கிற இடத்திலேயே சேர்த்துக்கொண்டு, ‘எங்கள் வழக்கத்துக்கு நீ பழகிக்கொள்’ என்பது மூன்றாவது. குழந்தைக்காக அந்த இடமே தன் வழக்கத்தை மாற்றிக்கொள்வது நான்காவது. பெற்றோர்கள் ஏமாறுவது மூன்றாவதில்தான், ஏனென்றால் வெளியிலிருந்து பார்த்தால் அது நான்காவதைப் போலவே இருக்கும்.

அந்த மூன்றாவதற்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டு: ஒப்புக்குச் சப்பாணி. ஆட்டத்தில் இருப்பான், ஆனால் அவுட் கிடையாது, முறை கிடையாது, கணக்கிலும் வரமாட்டான். சின்ன வயதில் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்தச் சொல்லில் வரும் சப்பாணி யார் என்று மகன் பிறக்கும்வரை நான் யோசித்ததே இல்லை.

அவனை நான் முதலில் சேர்த்த இடம் நீங்கள் சொல்லும் முதல் காப்பகத்தைப் போன்றதுதான். தெரபி அறை, ஆள் உயரத்துக்குப் பெரிய பந்து, சுவரில் சக்கர நாற்காலியில் சிரிக்கிற குழந்தையின் படம். நானும் மயங்கினேன். மூன்றாவது வாரத்திலிருந்து போன் வரத் தொடங்கியது. “இன்றைக்குக் கொஞ்சம் சோர்வாக இருக்கிறான், சீக்கிரம் அழைத்துப் போக முடியுமா?” குரல் எப்போதும் அன்பாகவே இருக்கும். நேரம் எப்போதும் பதினொன்றே முக்கால். முதலில் வாரத்துக்கு ஒரு நாள், அப்புறம் இரண்டு நாள். ஒரு வியாழக்கிழமை போன் வருவதற்கு முன்பே நானாகப் போய் நின்றேன். மணி பதினொன்றரை. பிள்ளைகள் எல்லாம் கை கழுவ வரிசையில் நின்று ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள். என் மகன் பெல்ட் போட்ட நாற்காலியில் ஜன்னலைப் பார்த்தபடி இருந்தான். கையிலிருந்த பொம்மை கீழே விழுந்து உருண்டு கிடந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தான். உதவியாளர் மேஜை துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. “வரிசையில் யாராவது இடித்துத் தள்ளிவிட்டால் என்ன செய்வது? அதனால் இவனைக் கடைசியில்தான் கழுவிவிடுவோம்” என்றார்கள்.

காரணம் நியாயமாகத்தான் இருந்தது. சிக்கலே அதுதான்: ஒவ்வொரு காரணமும் தனியாகப் பார்த்தால் நியாயமாகவே இருக்கும். கேட்டுப் பார்த்ததில் தெரிந்தது, பதினொன்றரைக்கும் பன்னிரண்டரைக்கும் நடுவில் அங்கே பாதிப் பேர் இடைவேளைக்குப் போய்விடுவார்கள். இரண்டு கையும் தேவைப்படுகிற குழந்தைக்கு அந்த நேரத்தில் ஆள் இல்லை. சோர்வு என்று சொன்னது அவனுடைய சோர்வை அல்ல, அவர்களுடைய ஆள் பற்றாக்குறையை. இப்படி அடிக்கடி சீக்கிரம் கூட்டிப்போகச் சொல்வதும் வெளியே அனுப்புவதில் ஒரு வகைதான். இதற்குக் கடிதம் இருக்காது, பதிவு இருக்காது. சேர்க்கும்போதே நேருக்கு நேர் கேட்டுவிடுங்கள்: “போன மாதம் எத்தனை பெற்றோரைச் சீக்கிரம் வந்து கூட்டிப்போகச் சொன்னீர்கள், எதற்காக?”

அந்த வியாழக்கிழமையிலிருந்து எந்தக் காப்பகம் பார்க்கப் போனாலும் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுகிற நேரத்தைத்தான் பார்த்துப் போகிறேன். விளையாட்டு முடிந்து, பொம்மைகளை அடுக்கி, கை கழுவி, சாப்பிட உட்காரும் அந்த இருபது நிமிடம். பாட்டு, கதை நேரத்தில் எல்லா இடமும் அழகாகவே இருக்கும். பார்வையாளர்களையும் அப்போதுதான் வரச் சொல்வார்கள். சத்தம் ஏறுகிற, எல்லோருக்கும் பசிக்கிற, ஆள் குறைகிற நேரத்தில்தான் ஒரு காப்பகத்தின் நிஜ முகம் தெரியும். ‘இத்தனை குழந்தைக்கு ஒருவர்’ என்று அவர்கள் தாளில் காட்டுகிற கணக்கும் அந்த நேரத்தில்தான் உடைகிறது. அந்த நேரத்தில் பார்க்க விடமாட்டோம் என்றால், ஏன் என்று கேளுங்கள். குழந்தைகள் மிரண்டுவிடுவார்கள் என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகளைப் போன்ற குழந்தைக்கு அங்கே என்ன பார்க்க வேண்டும்? ‘அடுத்து என்ன’ என்பதைக் குழந்தைகளுக்கு எப்படித் தெரிவிக்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள். வாயால் மட்டும் “சரி, எல்லோரும் எழுந்திருங்கள்” என்று கத்தினால், பேச்சைச் சட்டென்று வாங்கிக்கொள்ள முடியாத குழந்தைக்கு எல்லாமே திடீரென்று கலைந்துபோன மாதிரி இருக்கும். அவள் அழுவாள். அதற்கு அடம் என்று பெயர் வைப்பார்கள். சுவரில் குழந்தையின் கண் உயரத்தில் அன்றைய வேலைகள் படவரிசையாக ஒட்டியிருந்தால், முடிந்த படத்தை ஒரு குழந்தையே கழற்றிப் பெட்டியில் போட்டால், அது நல்ல அடையாளம். பெரியவர்களின் கண் உயரத்தில் ஒட்டியிருந்தால் அது உங்களுக்காக ஒட்டியது. இது அற்பமாகத் தெரியலாம், ஆனால் நான் போகிற இடங்களில் முதலில் பார்ப்பதே இந்த உயரத்தைத்தான்.

அப்புறம் சத்தம். காது கேட்கும் கருவி போட்ட மகனின் தந்தை ஒருவர் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். வெறும் தரை, வெறும் சுவர், உயரமான கூரை என்றால் சத்தம் எதிரொலித்துக்கொண்டே இருக்கும். கருவி எல்லாச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிதாக்குவதால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட அதில் கலந்துபோகும். அவர் எந்த அறைக்குள் போனாலும் ஒருமுறை கை தட்டிப் பார்ப்பார். பாய், திரை, துணி அடைத்த இருக்கை உள்ள அறையில் அந்தத் தட்டல் சட்டென்று அடங்கிவிடும். சத்தம் தாங்காத ஆட்டிசக் குழந்தைகளுக்கும் அதே அறைதான் நல்லது. சத்தம் மிஞ்சும்போது ஒதுங்கிக்கொள்ள ஒரு மூலை இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த மூலைக்குக் குழந்தை தானாகப் போய்த் தானாக வரலாமா, அல்லது ‘அங்கே போய் உட்கார்’ என்று அனுப்புகிற இடமா என்பதையும் கேளுங்கள்.

இனி அந்தத் தனி ஆள் விஷயம். பெற்றோருக்கு இது பெரிய ஆறுதல், எனக்குப் புரிகிறது. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த ஆள் என்ன செய்வார் என்பதைக் கேட்காமல் சந்தோஷப்படாதீர்கள். உதவியாளர் எப்போதும் ஒட்டிக்கொண்டே இருந்தால் பள்ளி மாணவர்களுக்கு என்ன ஆகிறது என்று 1997இல் மைக்கேல் ஜியாங்கிரெக்கோவும் அவருடன் சேர்ந்தவர்களும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது: மாணவர் சக மாணவர்களிடமிருந்து விலகிப் போகிறார், எதற்கும் பெரியவரையே எதிர்பார்க்கப் பழகுகிறார், வகுப்பின் ஆசிரியரோ ‘அது அவர் பொறுப்பு’ என்று கைகழுவிவிடுகிறார். சின்னக் குழந்தைகளிடமும் இதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் குழந்தையிடம் இன்னொரு குழந்தை ஒரு வாளியை நீட்டியது. நடுவில் இருந்த உதவியாளர், “தேங்க்யூ செல்லம்” என்று சொல்லித் தானே வாங்கி இவளிடம் கொடுத்தார். அன்பால் செய்ததுதான். அடுத்த முறை அந்தக் குழந்தை வாளியை நேராக உதவியாளரிடமே கொண்டுவந்தது.

ஆகவே கேட்க வேண்டியது, “எப்போதெல்லாம் நீங்கள் விலகி நிற்பீர்கள்?” என்பது. நன்றாகத் தெரிந்தவர் உடனே பதில் சொல்வார்: மணல் விளையாட்டில் இரண்டடி தள்ளி உட்காருவேன், கை கழுவும்போது முழங்கையை மட்டும் தொட்டுக் காட்டுவேன், அவளாகவே செய்துவிட்டால் வேறு குழந்தையைப் பார்க்கப் போய்விடுவேன். “நான் அவளை விட்டு ஒரு நிமிடம்கூட நகரமாட்டேன்” என்று வந்தால், அது கேட்க இனிப்பான பதில், ஆனால் தப்பான பதில்.

படங்களைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். “படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சு வராமலே போய்விடும், இங்கே வாயால் கேட்டால்தான் கொடுப்போம்” என்று சொல்கிற இடங்கள் இன்னும் இருக்கின்றன. இது தவறு. படம், சைகை, கருவி போன்ற மாற்றுத் தொடர்பு முறைகள் பேச்சைப் பாதிக்கின்றனவா என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை 2006இல் வந்தது. நம்பத்தகுந்த ஆதாரம் இருந்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை; 89 சதவீதம் பேருக்குப் பேச்சு கொஞ்சமாவது கூடியிருந்தது. சிறிய எண்ணிக்கைதான், கூடியதும் பலருக்குச் சிறிதளவே. ஆனால் பயத்துக்கு இடமில்லை என்பது தெளிவு. மகளின் படப் புத்தகத்தை ‘பையிலேயே இருக்கட்டும்’ என்று சொல்கிற காப்பகம் அவள் வாயைக் கட்டிவைக்கிறது என்று அர்த்தம். அங்கே எத்தனை தெரபி அறை இருந்தாலும் போகாதீர்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

அடுத்து இரண்டாவது காப்பகம். என் மகன் கடைசியில் நிலைத்த இடமும் அந்த மாதிரிதான். வாசலில் இரண்டு படி, உள்ளே பழைய கட்டடம். அங்கிருந்த பராமரிப்பாளரிடம் இப்படிப்பட்ட குழந்தையைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “இல்லைங்க” என்றார் பூசி மெழுகாமல். உடனே என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: “இவன் தானாக எழுந்து நிற்க எதைப் பிடித்துக்கொள்வான்?” அதுவரை மூன்று காப்பகங்கள் பார்த்திருந்தேன். அவனுக்கு என்ன முடியாது என்று எல்லோரும் கேட்டார்கள். எதைப் பிடித்துக்கொள்வான் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவது வாரத்தில் வாசற்படியில் ஒரு சரிவுப் பலகை வந்தது. கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் கனமான ஒரு முக்காலி வந்தது. அவனுக்கு நேரம் பிடிக்கும் என்பதால் மற்றவர்களுக்கு இரண்டு நிமிடம் முன்பே கிளம்புவான், கூடவே முறைவைத்து ஒரு குழந்தை. வரிசையில் முதல் ஆள் அவன்.

ஆனால் இதைப் படித்துவிட்டு உடனே இரண்டாவது இடத்துக்கு ஓடிவிடாதீர்கள். நல்ல மனசு மட்டும் இருந்த இடத்தில் கை சுட்டுக்கொண்ட பெற்றோர்களையும் எனக்குத் தெரியும். ஒரு தாய்க்கு அமைந்தது அருமையான ஆசிரியை. நான்காவது மாதம் அவர் வேலையை விட்டுப் போனார். அடுத்து வந்தவருக்கு அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வரிகூட எழுதிவைக்கப்படவில்லை. எல்லாம் முதல் ஆசிரியையின் தலையிலேயே இருந்தது, அவரோடு போய்விட்டது. அனுபவம் இல்லாத இடத்தில் கேட்க வேண்டியவை வேறு. அவர் லீவு போட்டால் யார் பார்ப்பார்? மகளின் ஸ்பீச் தெரபிஸ்ட் ஒரு நாள் வந்து எல்லா ஊழியர்களுக்கும் காட்டிக்கொடுக்க நிர்வாகம் நேரம் ஒதுக்குமா, அதற்குச் சம்பளத்தோடு நேரம் தருமா? அவளைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் வைப்பார்களா? ஆசிரியை சரி என்று சொன்னால் போதாது. காசையும் நேரத்தையும் கையில் வைத்திருப்பவர் சரி என்று சொல்ல வேண்டும்.

அந்த ஒரு பக்கத்தை நீங்களே எழுதிக் கொடுப்பது நல்லது. ஆட்டிசம் என்று மேலே போட்டு மருத்துவ வார்த்தைகளால் நிரப்பாதீர்கள். அவளுக்குப் பிடித்தது, அவள் காதைப் பொத்திக்கொண்டால் என்ன அர்த்தம், அழுகை வரப்போகிறது என்று எப்படித் தெரியும், எது அவளை அமைதிப்படுத்தும், எது அழுகையைக் கூட்டிவிடும், அவ்வளவு போதும். உண்மையைக் குறைத்தும் எழுதாதீர்கள். இடம் கிடைக்காதோ என்ற பயத்தில் மகனுக்கு வலிப்பு வருவதைச் சொல்லாமல் சேர்த்த தந்தை ஒருவர் உண்டு. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரை அங்கே தள்ளியது எத்தனை கதவுகள் மூடின என்பதுதான். ஆனால் வலிப்பு வந்த அன்று அங்கிருந்தவர்கள் குழந்தையின் வாயில் கரண்டியை வைக்கப் போனார்கள். வாயில் எதையும் வைக்கக் கூடாது; ஒருக்களித்துப் படுக்கவைத்து நேரம் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். சொல்லியிருந்தால் இதைக் கற்றுக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகளுக்கு அது இல்லாவிட்டாலும், ‘வலிப்பு வந்தால் என்ன செய்வீர்கள்’ என்று எல்லா இடத்திலும் கேட்டுப் பாருங்கள். அவசர நேரத்துக்கு எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறார்கள் என்று அந்தப் பதிலில் தெரிந்துவிடும்.

சில சின்ன விஷயங்கள். டயப்பர் விட்டிருக்க வேண்டும் என்று விதி இருக்கிறதா, அதை அவளுக்காகத் தளர்த்துவார்களா என்று முதல் நாளே கேளுங்கள். நிறையக் குழந்தைகளுக்குக் கதவு மூடுவது இங்கேதான், மெதுவாக. ‘மூன்று மாதம் பார்ப்போம், சரிவராவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றால், அந்தச் சோதனைக் காலம் எல்லாக் குழந்தைக்கும் உண்டா என்று கேளுங்கள். உங்கள் மகளுக்கு மட்டும் என்றால் அது சோதனை அல்ல, சாக்கு. ‘மற்ற பெற்றோர்கள் ஒன்றும் சொல்லமாட்டார்களா’ என்று உங்களுக்குள் ஒரு கவலை இருந்தால், அதைப் பார்த்துக்கொள்வது காப்பகத்தின் வேலை. உங்களுடையது அல்ல.

சேர்த்த பிறகு ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்கள். மற்ற குழந்தைகள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பார்கள், அவள் பக்கத்தில் தனியாக எதையோ உருட்டிக்கொண்டிருப்பாள். உடனே மனம் உடைந்துவிடாதீர்கள். சின்னக் குழந்தைகளின் விளையாட்டைக் கவனித்து மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் எழுதியபோதே, சேர்ந்து விளையாடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருந்து விளையாடுகிற ஒரு நிலை உண்டு என்றார். இந்த வயதில் எந்தக் குழந்தையும் அப்படி விளையாடும். பார்க்க வேண்டியது தூரத்தை: அவள் உருட்டியது அவர்கள் பக்கம் போனால் யாராவது திருப்பி உருட்டுகிறார்களா, பெரியவர் யாரும் சொல்லாமலே?

உங்கள் இரண்டு இடத்தையும் நான் பார்க்கவில்லை, ஆனாலும் கேட்டதற்கு நேராகச் சொல்கிறேன். என் மனம் இரண்டாவது பக்கம்தான் சாய்கிறது, மேலே சொன்ன நிர்வாகக் கேள்விகளுக்கு அவர்கள் ஒப்புக்கொண்டால். முதல் இடத்தில் அந்தத் தனி ஆளை நேரில் சந்திக்கவிட்டு, விலகி நிற்பதைப் பற்றி அவர் சரியாகப் பேசினால், அதையும் தள்ளிவிட வேண்டாம். பயிற்சி பெற்றவர்கள் கையில் நல்ல மனசும் இருந்தால் அதற்குமேல் என்ன வேண்டும். இந்த வாரமே இரண்டு இடத்துக்கும் இன்னொரு முறை போங்கள், மகளைக் கூட்டிக்கொண்டு, பதினொன்றரை மணிக்கு. அவளுடைய படப் புத்தகத்தை நீங்கள் வைத்துக்கொள்ளாமல் அங்கிருப்பவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் அதை மேஜைமேல் வைத்துவிட்டு உங்களோடு பேச்சைத் தொடர்கிறாரா, அல்லது குனிந்து அவள் பக்கமாகத் திறக்கிறாரா என்று பாருங்கள்.